அலைவழி அணியில் ஒளி ஏன் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது? பிரிநிலை சாலிட்டான் குறித்து மூன்று சந்தேகங்கள்

கயல்_இயற்பியல் | திங்கள், இரவு 9:12

வணக்கம். முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒளியைத் தன்னுள் அடைத்து நடத்திச் செல்லும் மெல்லிய பாதைதான் அலைவழி. அவற்றை வரிசையாக அடுக்கிய அணிகளில், பரவாமல் உருவம் மாறாமல் போகும் ஒளி, அதாவது பிரிநிலை சாலிட்டான்தான் என் புராஜெக்ட் தலைப்பு. டிஸ்கிரீட் சாலிட்டான் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். ஆய்வகம் கிடையாது, சமன்பாட்டைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை.

41 அலைவழிகளைப் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறேன். 1998-இல் நடந்த முதல் சோதனையில் 41 இருந்தன என்பதால் நானும் அதையே எடுத்துக்கொண்டேன். ஓர் அலைவழியில் ஒளியின் வீச்சு எப்படி மாறுகிறது என்பதற்குச் சமன்பாட்டில் இரண்டே உறுப்புகள். பக்கத்து இரண்டு அலைவழிகளிலிருந்து கசிந்து வரும் பங்கு ஒன்று. தன் சொந்தச் செறிவால் தன் கட்டம் (phase) கூடுதலாகத் திரும்பும் பங்கு இன்னொன்று. நான்காம் படி ருங்கே-குட்டா முறையில் தீர்க்கிறேன். நடுவில் இருக்கும் 21-ஆம் அலைவழியில் மட்டும் ஒளியை விடுகிறேன்.

திறன் குறைவாக இருக்கும்போது ஒளி பரவுகிறது. ஆனால் லேசர் கற்றை பரவுவதுபோல் நடுவில் பிரகாசமாக இருந்து ஓரத்தில் மங்குவதில்லை. நடு இருண்டுபோய் இரண்டு ஓரங்களில் பளிச்சென்று இறக்கை மாதிரி வருகிறது. திறனைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் ஒளி 21-ஐ விட்டு நகரவே மறுக்கிறது. இதுவரை சரி. என் சந்தேகங்கள்:

குறைந்த திறனிலும் வெகுதூரம் ஓட்டினால் ஒளி நடுவுக்குத் திரும்பி வருகிறது. இதுவும் ஒருவகைச் சாலிட்டானா?

ஒற்றைப் பரிமாணத்தில் எவ்வளவு சிறிய திறனிலும் சாலிட்டான் உண்டு என்று படித்தேன். என் கணக்கிலோ ஒரு குறைந்தபட்சத் திறனைத் தாண்டினால்தான் வருகிறது. எது சரி?

கற்றையைச் சற்றுச் சாய்த்து விட்டால் குறைந்த திறனில் பக்கவாட்டில் நகர்கிறது. திறன் கூடினால் சாய்வைக் கண்டுகொள்ளாமல் நின்றுவிடுகிறது. ஏன்?

ஒளித்தச்சன் | திங்கள், இரவு 10:40

கயல், முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

திரும்பி வருவது சாலிட்டான் இல்லை. உங்கள் அணியின் விளிம்பில் மோதித் திரும்பும் ஒளி அது. எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்? பிணைப்பு மாறிலியையும் (பக்கத்து அலைவழிக்கு ஒளி எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்பதைச் சொல்லும் எண்) தூரத்தையும் பெருக்கி வரும் எண்ணைச் சொல்லுங்கள். அது 20-ஐத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

காரணம் இது. ஒற்றை அலைவழியில் விட்ட ஒளி, நேரியல் நிலையில், அதாவது திறன் குறைவாக இருக்கும்போது, பெசல் சார்பாகப் பரவும். முப்பத்து மூன்று வருடம் முன்னாடியே, அதாவது சாலிட்டான் சோதனைக்கு அவ்வளவு முன்னாடி, 1965-இல் ஜோன்ஸ் என்பவர் ஒளியிழைக் கற்றைகளுக்கு இந்தத் தீர்வை எழுதிவிட்டார். காலியம் ஆர்சனைடில் 1973-இல் கால்டெக் குழு நேரில் பார்த்தும்விட்டது. அந்தப் பெசல் சார்பின் முன்விளிம்பு, ஒரு பிணைப்பு அலகு தூரத்துக்கு இரண்டு அலைவழி வீதம் நகரும். உங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பக்கம் 20 அலைவழிகள். ஆகவே 10 அலகில் விளிம்பைத் தொடும், 20-ஐத் தாண்டியதும் நடுவுக்கு வந்துவிடும். 41-ஐ 201 ஆக்குங்கள், திரும்பி வருவது காணாமல் போகும்.

நடு ஏன் இருள்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். ஒளி பக்கத்து அலைவழிக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் அதன் கட்டம் கால் சுற்று திரும்புகிறது. ஒருமுறை போய்த் திரும்பி வந்தால் அரைச் சுற்று. அப்படியானால் திரும்பி வந்த ஒளி, அங்கேயே இருந்த ஒளிக்கு நேர் எதிர்க் கட்டம். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. பிணைப்பும் தூரமும் பெருக்கி இரட்டித்தால் 2.405 வரும் இடத்தில் நடு முற்றிலும் இருண்டுவிடும். பெசல் சார்பின் முதல் சுழி அது. உங்கள் நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது.

கயல்_இயற்பியல் | திங்கள், இரவு 11:05

25 வரை ஓட்டியிருக்கிறேன் அண்ணா. 201 அலைவழி வைத்து மறுபடி ஓட்டினேன். திரும்பி வரவே இல்லை! இரண்டு வாரமாக இதை வைத்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன்.

நடு இருளும் இடமும் 2.405-இலேயே வருகிறது. மிக்க நன்றி.

வளவன்77 | செவ்வாய், காலை 7:20

நான் தொலைத்தொடர்புப் பொறியாளன், ஒளியிழை பக்கம் வேலை. ஒரு அடிப்படைக் கேள்வி. செறிவு கூடினால் ஒளிவிலகல் எண் கூடும், ஒளி தனக்குத்தானே ஒரு லென்ஸ் செய்துகொள்ளும், அதனால் குவியும். இது எந்தக் கண்ணாடிப் பலகையிலும் நடக்கிற தன்குவிதல்தானே? அலைவழிகளாக வெட்டி வைப்பதால் புதிதாக என்ன வருகிறது?

கணித_மாணிக்கம் | செவ்வாய், காலை 11:48

வளவன் சார் கேள்வியும் கயலின் இரண்டாம் கேள்வியும் ஒரே இடத்தில் சேர்கின்றன. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமன்பாட்டில் இரண்டு அளவுகள் தூரத்தோடு மாறுவதில்லை. மொத்தத் திறன் ஒன்று. ஆற்றல் போன்ற ஓர் அளவான ஹாமில்ட்டோனியன் இன்னொன்று. ஹாமில்ட்டோனியனில் இரண்டு பங்குகள்: அண்டை அலைவழிகளின் பிணைப்பால் வருவது, ஒவ்வொரு அலைவழியின் செறிவின் இருபடியால் வருவது. பிணைப்புப் பங்கு எப்படிப் பார்த்தாலும் 2 × பிணைப்பு × திறன் என்பதைத் தாண்டாது. எல்லா அலைவழியிலும் ஒரே வீச்சு, ஒரே கட்டம் என்று பரப்பினால் அந்த உச்சத்தை நெருங்கும்.

இப்போது ஒற்றை அலைவழியில் மொத்தத் திறனையும் வைக்கிறோம். தொடக்கத்தில் பிணைப்புப் பங்கு சுழி, பக்கத்தில் யாரும் இல்லையே. மற்றப் பங்கு, நேரியலற்ற கெழு (செறிவால் கட்டம் எவ்வளவு திரும்பும் என்பதைச் சொல்லும் எண்) × திறனின் இருபடி ÷ 2. இந்த ஒளி முழுக்கப் பரவி மெலிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டாம் பங்கு சுழிக்குப் போய்விடும், முழு ஹாமில்ட்டோனியனையும் பிணைப்புப் பங்கே சுமக்க வேண்டும். அதனால் சுமக்க முடிந்தது 2 × பிணைப்பு × திறன் மட்டுமே. ஆகவே கெழுவையும் திறனையும் பெருக்கி வருவது பிணைப்பின் 4 மடங்கைத் தாண்டிவிட்டால், ஒளி முழுக்கப் பரவவே முடியாது. எங்காவது ஓரிடத்தில் குவிந்தே இருந்தாக வேண்டும். தோராயம் எதுவும் செய்யாமல் வருகிற முடிவு இது.

இன்னொரு படி போகலாம். எந்தத் தூரத்திலும், இருப்பதிலேயே பிரகாசமான அலைவழியில் உள்ள திறன், மொத்தத் திறனிலிருந்து (4 × பிணைப்பு ÷ கெழு) கழித்து வருவதற்குக் குறையாது. பெருக்கல் 6 மடங்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் ஓரிடத்தில் இருக்கும். 8 மடங்கு என்றால் பாதி.

கயல், உங்கள் நிரலில் இந்த 4-க்குக் கீழேயே பிடிப்பு தொடங்குவதைப் பார்ப்பீர்கள். முரண் இல்லை. 4 என்பது கட்டாயம் பிடிபடும் எல்லை. அதற்குக் கீழே பிடிபடலாம், பிடிபடாமலும் போகலாம். சொல்லப்போனால் இரண்டே அலைவழிகள் இருக்கும் இணைப்பிக்கு இந்த 4-தான் சரியான எல்லை. 1982-இல் ஜென்சன் எழுதிய நேரியலற்ற இணைப்பியின் நிலைமாற்றத் திறன் அது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. ஒற்றைப் பரிமாணத்தில் எவ்வளவு சிறிய திறனுக்கும் சாலிட்டான் உண்டு என்பது சரி. ஆனால் திறன் சிறிதாகச் சிறிதாக அது பல அலைவழிகளுக்குப் பரந்து கிடக்கும் உருவமாக இருக்கும். நீங்கள் விடுவதோ ஊசி மாதிரி ஒற்றை அலைவழியில். சிறிய திறனில் அந்த ஊசிக்கும் அந்தப் பரந்த உருவத்துக்கும் ஒட்டே இல்லை, ஆகவே ஒளி கலைந்து போகிறது. தீர்வு இருப்பது வேறு, நீங்கள் கொடுத்த தொடக்கத்திலிருந்து அது உருவாவது வேறு. பரந்த தொடக்கம் கொடுத்துப் பாருங்கள், குறைந்த திறனிலும் வரும். இரண்டு பரிமாண அணியில் மட்டும் நிலைமை மாறுகிறது. அங்கே சாலிட்டான் இருப்பதற்கே ஒரு குறைந்தபட்சத் திறன் வேண்டும்.

வளவன் சாருக்கு: அந்த எல்லையை முடிவுசெய்வது பிணைப்பு. வெறும் பலகையில் பிணைப்பு என்ற ஒன்றே கிடையாது. இங்கே அதை அலைவழிகளின் இடைவெளியை வைத்து நாமே தீர்மானிக்கிறோம்.

மலைக்கோட்டை | செவ்வாய், மாலை 6:30

மாணிக்கம் எழுதியது அருமை. ஆனாலும் இந்தப் பெயரில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லியே ஆக வேண்டும்.

1965-இல் சபுஸ்கியும் குரூஸ்கலும் சாலிட்டான் என்ற சொல்லை உண்டாக்கியபோது, மோதிய பிறகும் உருவம் குலையாமல் வெளிவரும் அலைக்குத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். அதற்குப் பின்னால் முழுமையாகத் தொகையிடத்தக்க, அதாவது துல்லியமாகத் தீர்க்க முடிகிற, சமன்பாடு என்ற பெரிய கட்டுமானம் இருக்கிறது. இந்த அலைவழிச் சமன்பாடு தொகையிடத்தக்கது அல்ல. இரண்டு பிரிநிலை சாலிட்டான்களை மோதவிட்டால் ஒட்டிக்கொள்ளும், ஒளியைச் சிதறடிக்கும், சில நேரம் ஒன்று மற்றொன்றை விழுங்கும். இதைச் சாலிட்டான் என்று சொன்னால் சொல்லுக்கே மதிப்புக் குறைகிறது. தனியலை என்றோ, தன்பிடிப்பு நிலை என்றோ சொல்லலாம். 1980-களில் எய்ல்பெக், லொம்டால், ஸ்காட் மூவரும் தன்பிடிப்புச் சமன்பாடு என்றுதான் பெயர் வைத்தார்கள். அது நேர்மையான பெயர்.

தொகையிடத்தக்க பிரிநிலைச் சமன்பாடு வேண்டுமென்றால் அப்லோவிட்ஸ்–லாடிக் சமன்பாடு இருக்கிறது. 1970-களின் நடுவில் வந்தது. அதில் சாலிட்டான்கள் எந்தத் தடையும் இல்லாமல் அணியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

கணித_மாணிக்கம் | செவ்வாய், இரவு 8:15

ஐயா, கணிதக்காரனாக உங்கள் பக்கம்தான் நிற்க வேண்டும், ஆனால் நிற்க முடியவில்லை. அப்லோவிட்ஸ்–லாடிக்கில் நேரியலற்ற உறுப்பு பக்கத்து அலைவழிகளின் வீச்சோடு பெருக்கப்படுகிறது. செறிவுக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறும் கெர் விளைவு அப்படி வேலை செய்வதில்லை. ஓர் அலைவழியின் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியை மட்டும்தான் உணரும். அழகான சமன்பாடுதான், ஆனால் இந்தப் பொருளுக்கு உரியது அல்ல. அலைவழிகளுக்கான சமன்பாட்டை 1988-இல் கிறிஸ்டோடுலிடிஸும் ஜோசப்பும் எழுதினார்கள். இன்றைய துறை முழுவதும் அந்தச் சிறிய கட்டுரையிலிருந்து கிளைத்தது. பெயரைப் பொறுத்தவரை, விளிம்பு விளைவும் (ஒளி தானாக விரிந்து பரவும் இயல்பு) தன்குவிதலும் சமன்பட்டு உருவம் மாறாமல் போகும் எதையும் ஒளியியல்காரர்கள் சாலிட்டான் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அதை இனி மாற்ற முடியாது என்று நினைக்கிறேன்.

மலைக்கோட்டை | செவ்வாய், இரவு 8:52

மாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கயலின் அறிக்கையில் ஒரு வரியாவது இது இருக்கட்டும்.

ஒளித்தச்சன் | புதன், இரவு 9:30

இன்று விடுமுறை, சோதனைப் பக்கத்தைப் பற்றி நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கயல் நிரல் மட்டும் ஓட்டுவதால் இது தேவைப்படும். கட்டுரையில் இருக்கும் படத்தை உங்கள் படத்தோடு ஒப்பிட்டுக் குழம்பிப் போவீர்கள்.

1988-இல் சொன்னது 1998-இல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனத்தில் யாரோன் சில்பர்பெர்க்கின் குழு, மாதிரிகளைச் செய்து கொடுத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு. ஏன் பத்து வருடம்? பொருள் கிடைக்க வேண்டும். சிலிக்காவில் நேரியலற்ற கெழு மிகவும் சிறியது. குறைகடத்தியில் பெரியது, ஆனால் குறைகடத்தி ஒளியை உட்கவர்ந்துவிடும். இதற்குச் செய்த வழி எனக்கு இன்றும் பிடிக்கும். அலுமினியம் காலியம் ஆர்சனைடில் அலுமினியத்தின் அளவைச் சரியாக வைத்தால் ஆற்றல் இடைவெளி 1.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். 1.53 மைக்ரான் ஒளியில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 0.81. இரண்டு ஃபோட்டான் சேர்ந்தாலும் இடைவெளியைத் தாண்டப் பற்றாது. அதனால் இரு ஃபோட்டான் உட்கவர்தல் பெரும்பாலும் அடங்கிவிடும், நேரியலற்ற கெழு மட்டும் சிலிக்காவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிதாக நிற்கும். அந்த மாதிரியின் நீளம் வெறும் 6 மில்லிமீட்டர். உச்சத் திறன் 70 வாட்டில் ஒளி இறக்கை விரித்துப் பரவியது. 320-இல் சுருங்கத் தொடங்கியது. 500 வாட்டில் விட்ட அலைவழியைச் சுற்றியே ஒடுங்கியது.

இதில் ஒரு சிக்கல். 500 வாட்டைத் தொடர்ந்து கொடுத்தால் மாதிரி எரிந்துவிடும். ஆகவே ஃபெம்டோ விநாடித் துடிப்புகள். துடிப்பின் நடுவில் 500 வாட் இருந்தாலும் அதன் முன்னும் பின்னும் திறன் குறைவு. நடுப்பகுதி சாலிட்டானாக ஒடுங்கும், முன்பின் பகுதிகள் வழக்கம்போல் பரவும். கேமரா இதையெல்லாம் பிரித்துப் பார்க்காது, மொத்தத்தையும் கூட்டிக் காட்டும். அதனால்தான் சோதனைப் படத்தில் நடு உச்சிக்குக் கீழே ஒரு மங்கலான அடித்தளம் இருக்கும், உங்கள் படத்தில் இருக்காது. ஒரே திறனில் ஓட்டாமல், துடிப்பின் வடிவப்படி பல திறன்களில் ஓட்டிக் கூட்டிப் பாருங்கள், படம் சோதனையை நெருங்கும். துடிப்பு விரிவதைக் கணக்கில் எடுக்காத எளிய முறைதான், ஆனாலும் பயன்படும்.

என் அனுபவம் ஒன்று. பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஆய்வகத்தில், நான்கு மைக்ரான் அகல அலைவழி ஒன்றுக்குள் ஒளியை நுழைக்க மூன்று நாள் போராடினேன். உச்சி ஒரு பக்கம் சாய்ந்தே வந்தது. திறனைக் கூட்டினால் ஒளி இடப்பக்கம் ஓடும், ஒருநாள் வலப்பக்கம் ஓடும். சமன்பாட்டில் ஏதோ புதிய விளைவு என்று உற்சாகமாகிவிட்டேன். கடைசியில் பார்த்தால் ஒளிப்புள்ளி இரண்டு அலைவழிகளுக்கு நடுவே விழுந்துகொண்டிருந்தது. இரண்டு அலைவழிகளிலும் சம அளவு ஒளி. அந்த நிலை நிலையற்றது என்று பிறகுதான் புரிந்தது. தூசி அளவு வித்தியாசம் போதும், ஏதோ ஒரு பக்கம் சரிந்துவிடும். அந்த மூன்று நாளில் மாதிரியின் முகப்பு ஒன்றையும் அதிகத் திறனால் சுட்டுக் கெடுத்துவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. மாதிரி செய்து கொடுத்தவர்களுக்கு அதில் பல வார உழைப்பு.

கயல்_இயற்பியல் | புதன், இரவு 10:20

அண்ணா, இரண்டு அலைவழிகளில் சமமாக விட்டு இப்போதே ஓட்டினேன். எனக்குச் சரியவில்லையே? நேராகப் போகிறது.

தேன்மொழி | வியாழன், அதிகாலை 1:10

கயல், நான் கண்ணாடிக்குள் ஃபெம்டோ விநாடி லேசரால் அலைவழி எழுதும் வேலை செய்கிறேன். இழையை இன்றுதான் பார்த்தேன்.

உங்கள் நிரல் முற்றிலும் சமச்சீரானது, அதனால் சரியவில்லை. இரண்டிலும் துல்லியமாக ஒரே எண் இருந்தால் எந்தப் பக்கம் சரிவது என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஒன்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டி விடுங்கள், உடனே தெரியும். இதே இரண்டு அலைவழிகளில் எதிரெதிர்க் கட்டத்தில் விட்டும் பாருங்கள். அதிகத் திறனில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கெல்லாம் அசையாமல் நிற்கும்.

இப்போது உங்கள் மூன்றாம் கேள்வி. ஒரே திறனுள்ள சாலிட்டான் இரண்டு விதமாக உட்காரலாம்: ஓர் அலைவழியை நடுவாக வைத்து, அல்லது இரண்டுக்கு இடையில் நடு வைத்து. முதலாவது நிலையானது, இரண்டாவது ஒளித்தச்சன் அண்ணா மாட்டிக்கொண்ட நிலை. ஓர் அலைவழியிலிருந்து அடுத்ததற்கு நகர வேண்டும் என்றால் அந்த இடைப்பட்ட நிலையைக் கடந்தே ஆக வேண்டும். இரண்டு நிலைகளின் ஹாமில்ட்டோனியன் வித்தியாசம்தான் தடை. பையர்ல்ஸ்–நபாரோ தடை என்பார்கள். உலோகத்தில் அணுவரிசைகளின் பிறழ்வு நகர்வதற்கு 1940-களில் எழுதிய கணக்கு அது. அதே கணக்கு இங்கே ஒளிக்கு வருகிறது என்பதைப் படித்த நாளில் நான் தூங்கவில்லை.

உழுத வயலை நினைத்துக்கொள்ளுங்கள். கோலிக்குண்டை உருட்டினால் முதல் உழவுச் சாலிலேயே விழுந்து நிற்கும். பெரிய பீப்பாய் பல சால்கள் மேல் கிடப்பதால் உருண்டு போய்விடும். குறைந்த திறனில் சாலிட்டான் அகலம், தடை ஏறக்குறைய இல்லை. திறன் கூடினால் ஒடுங்கிக் கோலிக்குண்டாகிவிடுகிறது. 1999-இல் அதே வைஸ்மன்–கிளாஸ்கோ குழு இதைச் சோதனையில் காட்டியது: சாய்வாக விட்ட கற்றை, திறன் கூடக் கூட, விட்ட அலைவழியிலேயே பூட்டிக்கொண்டது.

வளவன் சார் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. வெட்டி வைப்பதால் என்ன புதிது என்றால், விளிம்பு விளைவே நம் கைக்கு வருகிறது. காற்றிலோ பலகையிலோ விளிம்பு விளைவின் குறியை மாற்ற முடியாது. அணியில் முடியும். அண்டை அலைவழிகளுக்கு இடையே கட்ட வித்தியாசம் சுழி என்றால் வழக்கமான விளிம்பு விளைவு. சாய்த்துச் சாய்த்து 90 டிகிரி ஆக்கினால் விளிம்பு விளைவே மறைந்துவிடும், கற்றை விரியாமல் பக்கவாட்டில் உச்ச வேகத்தில் ஓடும். 180 டிகிரிக்கு அருகில் குறி தலைகீழ். 2000-இல் விளிம்பு விளைவை இப்படிக் கையாள்வதைக் காட்டினார்கள். 2001-இல் இன்னும் ஒரு படி: அதே மாதிரி, அதே லேசர், நுழையும் கோணம் மட்டும் வேறு. ஒரு கோணத்தில் திறனைக் கூட்டினால் ஒளி குவிந்தது, இன்னொரு கோணத்தில் கூட்டினால் விரிந்தது. பொருளின் கெர் கெழு மாறவே இல்லை! சமன்பாட்டிலும் இது தெரியும். ஒன்றுவிட்டு ஒன்று அலைவழிகளின் வீச்சுக்குக் கழித்தல் குறி போட்டால் பிணைப்பின் குறி மாறும், குவிக்கும் பொருள் விரிக்கும் பொருளைப் போல நடக்கும். எழுதிப் பாருங்கள், நாலு வரிதான்.

வளவன்77 | வியாழன், காலை 8:00

தேன்மொழி, இப்போது புரிகிறது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் தொழில் பக்கமிருந்து ஒன்று கேட்டாக வேண்டும். இதைக் கொண்டு ஒளியாலேயே ஒளியைத் திருப்பும் நிலைமாற்றி வரும் என்று நான் கல்லூரியில் படித்த காலத்தில் நிறையச் சொன்னார்கள். 500 வாட்டை 100 ஃபெம்டோ விநாடியோடு பெருக்கினால் 50 பிக்கோஜூல். ஒரு துடிப்புக்குப் பார்த்தால் சிறியது. ஆனால் விநாடிக்கு நூறு கோடித் துடிப்பு என்றால் சராசரி 50 மில்லிவாட், அதுவும் ஒரே ஒரு நிலைமாற்றிக்கு. ஒரு சில்லில் ஆயிரம் வைத்தால் 50 வாட். எந்த வலையமைப்பில் இதை வைப்பது? இத்தனை வருடம் ஆகியும் நான் வேலை செய்யும் எந்த இடத்திலும் இதைப் பார்க்கவில்லை.

தேன்மொழி | வியாழன், இரவு 11:25

உங்கள் கணக்கில் தவறில்லை. நான் எழுதும் சிலிக்கா கண்ணாடியில் இதைவிட மோசம், உச்சத் திறன் பல லட்சம் வாட்டைத் தாண்டுகிறது. நிலைமாற்றி என்ற கனவு அந்த வடிவில் நிறைவேறவில்லை என்றுதான் நானும் சொல்வேன்.

குறைந்த திறனுக்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஸ்ட்ரான்ஷியம் பேரியம் நையோபேட் என்ற படிகம், ஒளி பட்டால் ஒளிவிலகல் எண் மாறும். அதில் லேசர் கற்றைகளைக் குறுக்கிடவிட்டு, அந்தக் கோடுகளையே அலைவழி அணியாக்கலாம். அரித்தெடுத்துச் செதுக்க வேண்டியதில்லை. 2003-இல் ஹைஃபாவின் டெக்னியானில் மொர்தெகாய் செகெவ் குழு இந்த முறையில் இரு பரிமாணப் பிரிநிலை சாலிட்டானை முதன்முதலில் காட்டியது. மில்லிவாட்டும் தேவைப்படாத திறன். ஆனால் அந்தப் படிகம் மெதுவாக நடக்கும், நிலைமாற்றியின் வேகத்துக்கு வராது. வேகம் வேண்டுமென்றால் திறன் போகிறது, திறன் மிச்சமென்றால் வேகம் போகிறது.

என்றாலும் இந்தத் துறை வீணாகவில்லை. திடப்பொருளில் எலக்ட்ரானுக்கு எழுதிய சமன்பாடும் அலைவழி அணியில் ஒளிக்கு எழுதிய சமன்பாடும் ஒன்றே. காலம் இருந்த இடத்தில் தூரம். எலக்ட்ரானை நேரில் பார்க்க முடியாது, ஒளியைக் கேமராவில் பார்க்கலாம். சீரான விசையில் எலக்ட்ரான் படிகத்துக்குள் முன்னும் பின்னும் ஆடும் பிளாக் அலைவுகளை 1999-இல் இப்படித்தான் ஒளியில் பார்த்தார்கள். ஆண்டர்சன் 1958-இல் சொன்ன ஒழுங்கின்மைப் பிடிப்பை (ஒழுங்கற்ற அமைப்பில் அலை பரவாமல் ஓரிடத்தில் சிக்கிக்கொள்வது) 2007-இல் இரு பரிமாண அணியிலும், 2008-இல் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அதே அலுமினியம் காலியம் ஆர்சனைடு அணியிலும் படம் எடுத்தார்கள். எலக்ட்ரான்களில் இவ்வளவு சுத்தமாகப் பார்ப்பது கடினம், அவை ஒன்றையொன்று தள்ளும், வெப்பத்தில் அதிரும்.

2013-இல் திருகுசுருள் அலைவழிகளை வைத்து ஒளிக்கான டோப்பாலஜிகல் காப்பான் (ஒளி உள்ளே புகாமல் அணியின் ஓரத்தில் மட்டும் சிதறாமல் ஓடும் அமைப்பு) வந்தது. 2020-இல் முகர்ஜியும் ரெக்ட்ஸ்மனும் அத்தகைய அணியில் சாலிட்டானைப் பார்த்தார்கள், கண்ணாடிக்குள் லேசரால் எழுதிய அணிதான். அது ஓரிடத்தில் நிற்பதில்லை, அணி திரும்பத் திரும்ப வரும் அமைப்பில் சிறு வட்டமாகச் சுற்றிக்கொண்டே முன்னே போகிறது. சேபப்ரதா முகர்ஜி இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார். கயல், முனைவர் பட்டம் செய்ய எண்ணம் இருந்தால் வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை.

மலைக்கோட்டை | வெள்ளி, காலை 6:45

அதைச் சொன்னதற்கு நன்றி, தேன்மொழி. திருச்சிக்காரனாக நானும் ஒன்று சேர்க்கிறேன். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் நேரியலற்ற இயக்கவியல் மையத்தில் பேராசிரியர் மு. லட்சுமணன் வளர்த்த பள்ளி, சாலிட்டான் ஆய்வில் உலகம் அறிந்தது. 1997-இல் ராதாகிருஷ்ணன், லட்சுமணன், ஹியட்டரின்டா மூவரும் ஒளியிழையில் இரண்டு முனைவாக்கங்களாகப் போகும் சாலிட்டான்கள் மோதும்போது ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்ளும் என்று துல்லியமான தீர்வோடு காட்டினார்கள். தொகையிடத்தக்க சமன்பாட்டிலேயே சாலிட்டான்கள் உருமாறி வெளிவரும் என்பது அப்போது பலருக்கு வியப்பு.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் மாணிக்கத்திடம் சொன்ன இலக்கணம், மோதினால் உருவம் மாறக் கூடாது என்பது, இந்தத் தீர்வுகளுக்கே அப்படியே பொருந்தாது. கயல் அறிக்கையில் அந்த ஒரு வரியை நான் கேட்டபடி எழுத வேண்டாம். தொகையிடத்தக்கதல்ல என்று மட்டும் எழுதினால் போதும்.

கயல்_இயற்பியல் | வெள்ளி, இரவு 10:50

எல்லாருக்கும் நன்றி. இன்று முழுக்க உட்கார்ந்து ஓட்டியதை எழுதிவிடுகிறேன்.

201 அலைவழி, கெழுவும் திறனும் பெருக்கி பிணைப்பின் 6 மடங்கு. மாணிக்கம் சார் சொன்ன மூன்றில் ஒரு பங்குக் கோட்டைப் படத்திலேயே வரைந்து வைத்தேன். நடு அலைவழியின் திறன் முதலில் சற்று ஆடுகிறது, கொஞ்சம் ஒளியை இரண்டு பக்கமும் உதிர்க்கிறது, பிறகு அடங்குகிறது. கோட்டை ஒருமுறைகூடத் தொடவில்லை, வெகு மேலே நிற்கிறது.

இரண்டு அலைவழியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியதும் சரிந்துவிட்டது, கூட்டிய பக்கமே. எதிர்க் கட்டத்தில் அசையவில்லை. கழித்தல் குறி போடும் கணக்கையும் எழுதிப் பார்த்தேன், தேன்மொழி அக்கா, நாலு வரி இல்லை, மூன்றே வரியில் முடிந்துவிட்டது.

துடிப்பின் வடிவப்படி பல திறன்களில் ஓட்டிக் கூட்டியதில் நடு உச்சிக்குக் கீழே அந்த மங்கலான அடித்தளம் வந்தது. 1998 படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இறக்கைகள் கொஞ்சம் வேறுபடுகின்றன, விளிம்பு 41-இலும் இருக்க வேண்டுமே என்று மறுபடி 41-க்கு மாற்றி ஓட விட்டிருக்கிறேன். காலையில் படத்தை இங்கே போடுகிறேன்.